சேனை எனும் சொல்லும் மலைநாட்டுக் காணியும்

கண்டி மாவட்டத்துப் பழைய காணி உறுதிகளின் அட்டவணைப் பகுதியை ஊன்றி வாசிப்போர் ஒரு விடயத்தை அவதானிக்கலாம். காணியின் பெயர் பல உறுதிகளில் ‘ஹேன’ என்று முடியும். அதனையடுத்து ‘தற்போது தோட்டம்’ எனும் பொருள்படும் குறிப்பொன்றும் இடம்பெற்றிருக்கும். கண்டி – மாத்தளை வீதியில் அக்குறணையைக் கடந்து அலவத்துகொட வரை பரந்துள்ள கிராமங்களில் சிங்களவரோடு முஸ்லிம்களும் தமிழரும் அருகருகே காணி வைத்திருக்கின்றனர். உறுதியிலுள்ள இப்பெயரைப் பலர் வெறும் அடையாளமாகவே கருதுவர். ஆயினும் இந்த ஒரு சொல்லே மலைநாட்டில் பெருந்தொகையான நிலம் யாருக்குரியது என்பதை ஒரு காலத்தில் தீர்மானித்தது என்பது நம்மில் பலர் அறியாத செய்தியாகும்.

ஹேன என்பது காட்டை வெட்டி வெளியாக்கிப் பயிரிடப்பட்ட நிலம். தமிழில் இதனைச் சேனை என்கிறோம். ஆங்கிலேயர் இலங்கையை ஆண்ட காலத்தில் இச்சொல்லைச் ‘சேனா’ என்று தம் மொழியில் சேர்த்துக்கொண்டனர். இன்று பெரிய ஆங்கில அகராதிகளிலும் இச்சொல்லைக் காணலாம். காட்டு நடுவே அமைந்த வெளியைக் குறிக்க ஆங்கிலத்தில் ஏற்கெனவே பல சொற்கள் இருந்தன. அவற்றின் பொருளையும் நம் நாட்டிலிருந்து சென்ற சொல்லுக்கு நேர்ந்த கதியையும் ஒப்பிட்டு நோக்குவது பயனுடையது.

ஒளியால் பெயர் பெற்ற வெளிகள்

அடர்ந்த காட்டின் நடுவே மரங்களற்ற இடத்தை ஆங்கிலத்தில் ‘கிளேட்’ என்பர். இச்சொல்லின் தோற்றம் குறித்து மொழியியலாளரிடையே முழு உடன்பாடு இல்லை. எனினும் இது ‘கிளேட்’ எனும் வேறொரு பழஞ்சொல்லோடு, அதாவது இன்று ‘மகிழ்ச்சியான’ என்று பொருள்படும் சொல்லோடு, தொடர்புடையதாகலாம் என்பது பலரது கருத்து. அந்தச் சொல்லுக்குப் பழைய ஆங்கிலத்தில் ‘ஒளிமிக்க’ என்ற பொருளே முதன்மையாக இருந்தது. இருண்ட காட்டில் சூரிய ஒளி விழும் இடம் என்பதனாலேயே இப்பெயர் வந்திருக்கக்கூடும். பிரெஞ்சு மொழியில் இத்தகைய இடம் ‘கிளேரியேர்’ எனப்படுகிறது. தெளிவு, ஒளி எனும் பொருளுடைய சொல்லிலிருந்து பிறந்தது அது. ஜேர்மன் மொழியில் ‘லிக்ட்டுங்’ என்பர். ‘லிக்ட்’ என்றால் ஒளி.

இன்று வீட்டு முற்றத்துப் புல்வெளியைக் குறிக்கும் ‘லோன்’ என்ற ஆங்கிலச் சொல்லும் முன்னர் காட்டிடை வெளியையே குறித்தது. இங்கிலாந்தில் பர்ன்லி, பின்ச்லி, பார்ன்ஸ்லி என ‘லி’ என்ற ஈற்றோடு அமைந்த ஊர்ப்பெயர்கள் நூற்றுக்கணக்கில் உள்ளன. பழைய ஆங்கிலத்தில் காட்டையும் காட்டை வெட்டி உண்டாக்கிய வெளியையும் குறித்த சொல்லின் எச்சமே அந்த ஈறு. அதற்கும் ஒளியைக் குறிக்கும் இந்தோ-ஐரோப்பிய வேர்ச்சொல்லே மூலமாகும். வடமொழியில் உலகத்தைக் குறிக்கும் ‘லோகம்’ என்பதும் அதே வேரிலிருந்து, திறந்த வெளி என்ற பொருளில் தோன்றியது என்று ஒப்பியல் மொழியறிஞர் விளக்குவர். காட்டின் நடுவே மனிதன் கண்ட வெளிச்சமான இடமே அவனது உலகமாயிற்று என்று இதனைக் கொள்ளலாம்.

இந்தச் சிந்தனை ஐரோப்பியருக்கு மட்டும் உரியதன்று. தமிழில் வெளி, வெளிச்சம், வெள்ளை ஆகிய சொற்கள் ஒன்றோடொன்று உறவுடையவை. மரமடர்ந்த நிலத்தில் திறந்து கிடக்கும் இடம் வெளி. அங்கு விழுவது வெளிச்சம். திருகோணமலை மாவட்டத்தின் நிலாவெளி, குச்சவெளி ஆகிய ஊர்ப்பெயர்களில் இச்சொல் வாழ்கின்றது. சிங்களத்தில் ‘எலிய’ என்ற சொல் ஒளியையும் திறந்த வெளியையும் ஒருங்கே குறிக்கும். நுவரெலியா என்ற பெயருக்கு ஒளி நகர் என்றும் சமவெளி நகர் என்றும் இருவகையாகப் பொருள் கூறப்படுவதன் காரணம் இதுவே. ஆகவே காட்டிடை வெளியை ஒளியோடு சேர்த்துக் காணும் வழக்கம் தமிழ், சிங்களம், ஆங்கிலம் ஆகிய மூன்றுக்கும் பொதுவானது எனலாம்.

சேனையின் மூலமும் முறையும்

இத்தகைய சொற்களிலிருந்து சேனை வேறுபடுகின்றது. வெளி என்பது கண்ணுக்குத் தெரியும் தோற்றத்தைக் கூறுகிறது. சேனை அந்த வெளியில் நடைபெறும் தொழிலைக் கூறுகிறது. சிங்களத்தில் சகர ஒலியும் ஹகர ஒலியும் ஒன்றுக்கொன்று மாறுவது இயல்பு. நிலவைக் குறிக்கும் ‘சந்த’, ‘ஹந்த’ என்ற இரு வடிவங்கள் அதற்குச் சான்று. சிங்களத்தில் ஹேன என நிலைத்த சொல் தமிழில் சேனை என வழங்குகிறது. கொழும்பில் சிங்களவர் கொட்டஹேன என்பதைத் தமிழர் கொட்டாஞ்சேனை என்கின்றனர். ஆங்கில அகராதிகள் தம் சொல்லின் மூலம் சிங்களம் என்றே குறிப்பிடுகின்றன. ஆனால் அச்சொல்லின் முதலொலி இன்றைய சிங்கள வடிவத்தைவிடத் தமிழ் வடிவத்துக்கே அண்மித்து நிற்பது கவனிக்கத்தக்கது.

தமிழகத்து வாசகர் சேனை என்றதும் படையையோ கிழங்கையோ நினைப்பர். இலங்கைத் தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் அது வயிறு வளர்த்த நிலத்தின் பெயர். கிழக்கின் வாழைச்சேனை, அட்டாளைச்சேனை ஆகிய பெயர்கள் இதற்கு எடுத்துக்காட்டு. அட்டாளை என்பது உயரத்தில் அமைக்கப்படும் காவற்பரண். யானையும் பன்றியும் பயிரை அழிக்காதவாறு இரவெல்லாம் விழித்திருந்து காத்தவர்களின் உழைப்பு அப்பெயரில் பதிந்துள்ளது.

சேனைப் பயிர்ச்செய்கையின் முறை எளிமையானது போல் தோன்றினும் அதற்கென ஓர் ஒழுங்கு உண்டு. வரட்சிக் காலத்தில் சிறு மரங்களையும் பற்றைகளையும் வெட்டிக் காயவிடுவர். மாரி மழைக்கு முன் அவற்றை எரிப்பர். சாம்பல் மண்ணுக்கு உரமாகும். நெருப்பில் களை விதைகளும் பூச்சிகளும் குறையும். முதல் மழையோடு குரக்கன், சோளம், எள், கடுகு, பூசணி முதலியவற்றை விதைப்பர். மலைநாட்டில் மேட்டு நெல்லும் விதைக்கப்பட்டது. ஒன்றிரண்டு போகங்களின் பின் மண்ணின் வளம் குன்றிக் களை பெருகும். அப்போது அந்நிலத்தைப் பல ஆண்டுகள் ஓய்வில் விட்டு வேறிடத்துக்குச் செல்வர். காடு மீண்டும் வளர்ந்து மண் தேறிய பின்னர் அதே குடும்பமோ அதே கிராமமோ அங்கு திரும்பி வரும்.

இந்த ஓய்வுக் காலமே சேனையின் உயிர். பயிரிடும் ஆண்டுகளும் ஓய்ந்திருக்கும் ஆண்டுகளும் சேர்ந்ததே ஒரு சேனை. பழந்தமிழ் இலக்கியத்தின் குறிஞ்சித் திணையில் வரும் தினைப்புனமும் பரணும் கிளி விரட்டும் மகளிரும் இத்தகைய மலைச்சாரல் வேளாண்மையின் காட்சிகளே. இந்தியாவின் வடகிழக்கில் இதனை ஜூம் என்பர். பர்மாவில் தவுங்யா என்றனர். இச்சொற்களையும் ஆங்கிலேயர் தம் நிர்வாகப் பதிவுகளில் சேர்த்துக்கொண்டனர்.

சட்டத்தின் கண்ணில் சேனை

கண்டி இராச்சியத்தில் நிலம் சேவையோடு பிணைந்திருந்தது. ஒரு குடும்பத்தின் பங்கு என்பது வயலை மட்டும் கொண்டதன்று. தாழ்ந்த நிலத்தில் வயலும், மேட்டு நிலத்தில் வீட்டுத் தோட்டமும், அதற்கப்பால் சேனையும் சேர்ந்தே ஒரு குடியானவனின் வாழ்வாதாரமாக அமைந்தன. அலவத்துகொட என்பதன் ஈற்றிலுள்ள ‘கொட’ எனும் சொல்லும் நீர் தேங்காத மேட்டு நிலத்தைக் குறிப்பதே. போர்த்துக்கேயரின் கெடுபிடியால் கரையோரத்திலிருந்து வெளியேற நேர்ந்த முஸ்லிம்களுக்கு 17ஆம் நூற்றாண்டில் மன்னன் செனரத் தன் இராச்சியத்தில் இடமளித்தான். பின்னர் முஸ்லிம்கள் ‘மடிகே பத்த’ எனப்பட்ட பொதிமாட்டுப் போக்குவரத்துப் பிரிவிலும் மருத்துவம் முதலிய துறைகளிலும் அரசுக்குச் சேவை புரிந்தனர். சேவைக்கு ஈடாக நிலம் அனுபவிக்கும் இந்த ஒழுங்கில் அவர்களும் இடம்பெற்றிருந்தனர். எந்தச் சேனை எவருக்குரியது என்பதைக் கிராமம் அறிந்திருந்தது. ஏட்டில் எழுதி வைத்தது குறைவு.

1815இல் கண்டி ஆங்கிலேயர் வசமாயிற்று. 1820களில் கம்பளைக்கு அருகே தொடங்கிய கோப்பிப் பெருந்தோட்டம் 1830களின் இறுதியில் வேகமாகப் பரவலாயிற்று. தோட்டக்காரருக்கு நிலம் தேவைப்பட்டது. விற்பதற்கு அரசுக்கு உரித்துத் தேவைப்பட்டது. இந்தச் சூழ்நிலையில் பிறந்ததே 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம். காடுகளும் தரிசு நிலங்களும் குடியிருப்போ பயிர்ச்செய்கையோ இல்லாத நிலங்களும், மறுதலையாக நிரூபிக்கப்படும் வரை, முடிக்குரியவையென அச்சட்டம் அனுமானித்தது. சேனைகளைப் பற்றி அது தனியாகவே பேசியது. பல ஆண்டுகள் இடைவெளி விட்டே பயிரிடக்கூடிய சேனைகள், முன்னைய கண்டி மாகாணங்களில் அமைந்திருப்பின், முடிக்குரியவையாகவே கொள்ளப்படும் என்றது. உரிமை கோருபவர் அரச சன்னஸையோ நன்கொடைப் பத்திரத்தையோ காட்ட வேண்டும். அல்லது கடந்த 20 ஆண்டுகளுக்குள் வழக்கமான வரியோ சேவையோ செலுத்தியமையை நிரூபிக்க வேண்டும். வேறு சான்றுகள் ஏற்கப்படமாட்டா.

இதன் தாக்கத்தைச் சிறிது சிந்திக்க வேண்டும். கரையோரப் பகுதிகளில் ஒல்லாந்தர் கால ‘தோம்பு’ எனும் காணிப் பதிவேடுகள் இருந்தன. கண்டி நாட்டில் அவை இல்லை. இராஜகாரிய முறையோ 1830களின் தொடக்கத்திலேயே ஒழிக்கப்பட்டிருந்தது. செய்த சேவைக்குப் பெரும்பாலும் வாய்மொழியே சாட்சி. இந்நிலையில் எழுத்துச் சான்றைக் கேட்பது, எழுதும் வழக்கமில்லாதவரிடம் கையொப்பத்தைக் கேட்பதற்கு ஒப்பாகும். அத்தோடு சட்டம் சேனையை அதன் ஓய்வுக் காலத்தைக் கொண்டே வரையறுத்தது. குடியானவன் எதனை நிலத்துக்கு அளித்த இளைப்பாறல் என்று கருதினானோ அதுவே அவனது உரிமையின்மைக்கு அடையாளமாயிற்று. கிராமத்தவரின் வாயில் உழைப்பின் பெயராக இருந்த சொல், சட்டத்தின் ஏட்டில் உரியவரில்லாத நிலத்தின் பெயராக மாறியது.

இவ்வாறு முடிக்குரியதாகிய நிலம் ஆரம்பத்தில் ஏக்கர் ஒன்றுக்கு 5 ஷில்லிங் எனும் குறைந்த விலையில் விற்கப்பட்டது. 1844இல் அவ்விலை 20 ஷில்லிங்காக உயர்த்தப்பட்டது. வாங்கியோரில் அரசாங்கத்தின் உயர் அதிகாரிகளும் இருந்தனர். விற்கப்பட்டவற்றில் அடர்காடுகளே அதிகமா, கிராமத்துச் சேனைகள் எவ்வளவு என்பது குறித்து வரலாற்றாசிரியர் இன்றும் வாதிடுகின்றனர். 1848இல் மாத்தளையில் வெடித்த கிளர்ச்சிக்குப் புதிய வரிகளே உடனடிக் காரணமாயினும், நிலம் பற்றிய மனக்கசப்பும் அதன் பின்னணியில் இருந்ததென்று கருதுவோர் உண்டு. பிற்காலத்தில் 1897ஆம் ஆண்டின் தரிசு நிலக் கட்டளைச் சட்டம், அறிவித்தல் வெளியாகி 3 மாதங்களுக்குள் உரிமை கோராதவரின் நிலத்தை முடிக்குரியதாக்க வழிசெய்தது. 1931இல் காணி நிர்ணயக் கட்டளைச் சட்டம் அதன் இடத்தைப் பிடித்தது.

இச்சொல்லை ஆங்கில வாசகரிடம் பரவலாகக் கொண்டு சென்றவர் லெனாட் வூல்ஃப். கண்டிக் கச்சேரியிலும் பின்னர் அம்பாந்தோட்டையில் உதவி அரசாங்க அதிபராகவும் பணியாற்றிய அவர், 1913இல் ‘காட்டில் ஒரு கிராமம்’ எனப் பொருள்படும் நாவலை வெளியிட்டார். சேனை வெட்டுவதற்கான அனுமதி தலைமைக்காரனின் கையில் சிக்கும்போது ஓர் ஏழைக் குடும்பம் எவ்வாறு சிதைகின்றது என்பதே அதன் கதை. அதிகாரியாக இருந்து அனுமதிப்பத்திர முறையைக் கண்டவரே அதன் கொடுமையையும் எழுதினார் என்பது குறிப்பிடத்தக்கது.

காடு வெட்டியவர்கள்

இங்கு இன்னொரு சாராரையும் மறத்தலாகாது. முடிக்குரியதென விற்கப்பட்ட மலைகளில் காட்டை வெட்டிக் கோப்பியும் பின்னர் தேயிலையும் நட்டவர்களில் மிகப் பெரும்பாலானோர் தென்னிந்தியாவிலிருந்து வந்த தமிழர்கள். மன்னார்க் கரையில் இறங்கிய அவர்கள் தம்புள்ளை வழியாக மாத்தளைக்குக் கால்நடையாக வந்தனர். வழியில் நோயாலும் பசியாலும் மாண்டோர் ஏராளம். மாத்தளையையும் கண்டியையும் இணைக்கும் இதே பாதை, பலகடுவக் கணவாயைக் கடந்து அலவத்துகொட ஊடாகவே செல்கின்றது. மலையகத் தமிழரின் 200 ஆண்டு வரலாற்றை நினைவுகூர்ந்து 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடைபவனி இடம்பெற்றதைப் பலரும் அறிவர்.

சேனை வெட்டியவன் மீண்டும் காடு வளர விட்டான். தோட்டத்துக்காக வெட்டப்பட்ட காடு மீளவில்லை. சேனைக்காரன் தன் நிலத்தை ஒரு சட்டத்தால் இழந்தான். காட்டை வெட்டிய தொழிலாளியோ தான் உருவாக்கிய வெளியில் ஒரு முழ நிலத்துக்கும் உரிமையின்றி லயத்தில் வாழ்ந்தான். ஒருவரது இழப்பு மற்றவரின் ஆதாயமாகவில்லை; இருவரது நிலமும் உழைப்பும் மூன்றாமவருக்கே பயன்பட்டன. மலைநாட்டில் காணி பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் ஒரு சமூகத்தவர் மற்றச் சமூகத்தவரைச் சந்தேகத்தோடு நோக்கும் போக்குக்கு இந்த வரலாறு இடந்தரவில்லை.

இன்றைய நிலை

சேனை எனும் சொல் இன்றும் அரச சுற்றறிக்கைகளில் விவாதத்துக்குரியதாகவே உள்ளது. ஒதுக்கக் காடுகளாகப் பிரகடனப்படுத்தப்படாத ஏனைய அரச காடுகள் 2001ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சுற்றறிக்கையால் வனத் திணைக்களத்தின் பாதுகாப்பில் வைக்கப்பட்டன. 2020 நவம்பரில் அச்சுற்றறிக்கை நீக்கப்பட்டு, அந்நிலங்களின் நிர்வாகத்தைப் பிரதேச, மாவட்டச் செயலாளர்களிடம் ஒப்படைக்க வழிசெய்யப்பட்டது. சேனைப் பயிர்ச்செய்கையாளரின் வாழ்வாதாரம் அதற்கு ஒரு காரணமாகக் கூறப்பட்டது. சூழலியல் அமைப்புகள் அதனை வன்மையாக எதிர்த்தன.

இரு தரப்பிலும் நியாயம் உண்டு. சனத்தொகை குறைந்திருந்த காலத்தில் நீண்ட ஓய்வோடு நடைபெற்ற சேனை, காட்டை அழிக்கவில்லை. ஓய்வுக் காலம் சுருங்கும்போது மண் தேறுவதில்லை. செங்குத்தான சரிவுகளில் மழைநீர் மேல்மண்ணை அரித்துச் செல்கின்றது. ஓய்வில்லாத சேனை பெயரளவிலேயே சேனை. எனவே பழைய சொல்லைச் சொல்லிப் புதிய காடழிப்பை நியாயப்படுத்துவதும் தவறு. பரம்பரையாக அனுபவித்தவனைக் காடழிப்பவன் என்று ஒரே வார்த்தையில் ஒதுக்குவதும் தவறு.

உறுதி வைத்திருக்கும் சாதாரண மக்களுக்கு இதனால் என்ன பயன் என்ற வினா எழலாம். 1998ஆம் ஆண்டின் 21ஆம் இலக்க உரித்துப் பதிவுச் சட்டத்தின் கீழ், ‘பிம்சவிய’ எனும் திட்டத்தின் மூலம் உரித்து நிர்ணயம் செய்யப்படும் காணித்துண்டுகள் வரைபட இலக்கத்தாலும் துண்டு இலக்கத்தாலும் அடையாளப்படுத்தப்படுகின்றன. எல்லைப் பிணக்குகளைக் குறைக்க அது நல்ல ஏற்பாடே. ஆனால் இலக்கம் வந்ததும் பெயர் மறையும். ‘ஹேன’ என்ற ஈறு மறையும்போது அந்நிலம் ஒரு காலத்தில் எவ்வாறு பயன்பட்டது என்ற சாட்சியமும் மறைந்துவிடும். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த பெருமழையில் கண்டி மாவட்டத்தின் மலைச்சரிவுகள் பல சரிந்து வீடுகளும் காணிகளும் அழிந்ததை நாம் கண்டோம். மண் சரிந்த இடத்தில் எல்லைக்கல்லும் வேலியும் மரமும் சாட்சி சொல்ல மாட்டா. அப்போது எஞ்சுவது உறுதியும் நில அளவை வரைபடமும் அவற்றிலுள்ள பெயருமே.

ஆகவே பழைய உறுதிகளைப் பத்திரமாகப் பேணுவதோடு, புதிய உறுதி எழுதும்போது காணியின் பழம்பெயரை விடாது குறிக்குமாறு நொத்தாரிசிடம் கேட்பது நன்று. நில அளவை, உரித்து நிர்ணயம் தொடர்பான அறிவித்தல்கள் வெளியாகும்போது உரிய காலத்தினுள் கோரிக்கையை முன்வைப்பது அதனினும் முக்கியமானது. 1897இன் 3 மாத அவகாசத்தைத் தவறவிட்டவர்களின் அனுபவம் நமக்குப் பாடமாக அமைய வேண்டும். கண்டி மாவட்ட நீதிபதியாகவிருந்த ஆர்ச்சிபால்ட் லோரி 1890களில் மத்திய மாகாணக் கிராமங்களைப் பற்றிய விரிவான அகரவரிசை நூலொன்றைத் தொகுத்தார். அத்தகைய பணியைச் சிறிய அளவிலேனும் நமது பாடசாலைகளும் பள்ளிவாசல் நிர்வாகங்களும் கோயில் சபைகளும் தத்தம் ஊரளவில் செய்யலாம். ஊரின் முதியோரிடம் காணிப் பெயர்களைக் கேட்டு, அவற்றின் பொருளோடு மூன்று மொழிகளிலும் எழுதி வைப்பதற்குப் பெரும் பொருட்செலவு தேவையில்லை.

காட்டின் நடுவே ஒளி விழுந்த இடத்துக்கு ஆங்கிலேயர் தம் நாட்டில் ஒளியின் பெயரைச் சூட்டினர். நம் நாட்டில் அவ்வாறான இடத்துக்கு இருந்த பெயரை எடுத்துச் சட்டத்தில் எழுதி, அதனை உரியவரிடமிருந்து பிரித்தனர். ஒரு சொல்லின் பொருளைத் தீர்மானிக்கும் அதிகாரம் எவரிடம் இருக்கின்றதோ, அந்தச் சொல் குறிக்கும் நிலமும் இறுதியில் அவரிடமே சென்று சேர்கின்றது. நமது உறுதிகளில் உள்ள பெயர்களின் பொருளை நாமே அறிந்திருப்பது அதனாலேயே அவசியமாகின்றது.